கித்தான் சப்பாத்தும் மூன்று ஓலைகளும்

தம்போய்
21 மார்ச் 1943

திரு. ஸ்டானிஸ்லாஸ் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போட உங்களுக்கு உரிமை உண்டு. படித்துவிட்டுக் கிழியுங்கள்.

செவ்வாய்க்கிழமை என் அப்பாவைச் சைக்கிளில் உட்கார வைத்து ஸ்கூடாயிலிருந்து ஆறு மைல் தள்ளிக்கொண்டு வந்தது நீங்கள்தான் என்று அப்பா பிறகுதான் சொன்னார். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் உங்கள் சைக்கிள் சந்து திரும்பிவிட்டது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? அவ்வளவு கோபமா?

ஒரு சட்டையைக் கொடுத்து மரவள்ளிக்கிழங்கு வாங்கத்தான் அப்பா போனார். ஜப்பான்காரன் காவல் சாவடியில் குனிந்து வணங்க மறந்துவிட்டாராம். கன்னத்தில் அறைந்து, தலைக்கு மேல் கல்லைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, உச்சி வெயில் வரைக்கும் நிற்க வைத்தார்களாம். அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் யார் என்பதையும் அப்பா சொன்னார். யூஜின். எங்கள் வீட்டில் எத்தனையோ கிறிஸ்துமஸ் கேக் சாப்பிட்ட யூஜின். அப்பா அவர் முகத்தைப் பார்த்தாராம். அவர் தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டாராம்.

உங்களுக்கு நன்றி சொல்ல உட்கார்ந்தால் அந்த ஈஸ்டர் திங்கட்கிழமைதான் குறுக்கே வந்து நிற்கிறது. இரண்டு வருஷம் ஆகிறது. பங்குக் கோயில் மண்டபத்தில் சோஷியல் நடனம். கிராமபோன் பாடுகிறது. நீங்கள் வெள்ளை பூசிய, ரப்பர் அடி போட்ட கித்தான் துணிச் சப்பாத்தோடு என் நாற்காலிக்கு முன்னால் வந்து கை நீட்டினீர்கள். "ரப்பர் தோட்டத்த வாசல்ல கழட்டி வச்சிட்டு வாங்க, அப்புறம் ஆடலாம்" என்றேன். மண்டபமே சிரித்தது. நான் எழுந்து யூஜினோடு ஆடப் போனேன்.

உங்கள் சப்பாத்தின் விலையைப் பார்த்து நான் அப்படிச் சொன்னதாக நினைத்திருப்பீர்கள். இல்லை. அந்தத் தரையில் மெழுகுவர்த்தியைச் சீவித் தேய்த்திருப்பார்கள். தோல் அடி அதில் வழுக்கும், ரப்பர் அடி பிடித்துக்கொள்ளும். சுற்றித் திரும்பும்போது ஆணின் கால் நின்ற இடத்திலேயே நின்றால் பெண்ணின் முட்டி போய்விடும். எங்களுக்கு ஆடச் சொல்லிக்கொடுத்த யூரேஷியச் சட்டைக்கார டீச்சர் முதல் நாளே சொன்ன பாடம் இது. இதைச் சொல்லத்தான் இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் தோட்டத்துக் கூலி லய வீடுகளிலிருந்து இங்கே கிழங்கு விற்க வரும் வெள்ளையம்மா அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் யார் யாரோ படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
மரியநாதன் மகள் ஐலீன்


செனாய்
4 ஏப்ரல் 1943

மிஸ் ஐலீன் அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. காகிதம் கிடைக்காத காலம். உங்கள் கடிதத்தின் பின்பக்கத்திலேயே பதில் எழுதலாம் என்று பார்த்தேன். உங்கள் எழுத்தை உங்களுக்கே திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. பழைய செக்ரோல் தாளில் எழுதுகிறேன். கோடுகளைப் பொருட்படுத்தாதீர்கள். எந்த ஆள் எத்தனை நாள் வேலைக்கு வந்தான் என்று எழுதிய தாள், அவ்வளவுதான்.

தண்ணீர் குடிக்காமல் வந்தது கோபத்தால் இல்லை. அன்றைக்கு என் காலில் ஒன்றும் இல்லை. வெறுங்காலோடு உங்கள் வாசலில் நிற்கப் பிடிக்கவில்லை. அது கோபத்தைவிட மோசமான குணம் என்று எனக்கும் தெரியும்.

ரப்பர் அடி, தோல் அடி என்று எழுதியிருக்கிறீர்கள். ரப்பர் பிடிக்கும் என்பதை ஒரு ரப்பர் தோட்டத்துக் கணக்குக் கிராணிக்கே சொல்லிக்கொடுக்கிறீர்களே! சரி, ஒன்று கேட்கிறேன். அதே கித்தான் சப்பாத்து யூஜின் காலில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அவர் காதோடு சொல்லியிருப்பீர்கள். எனக்கு மட்டும் ஏன் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி?

நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த சோஷியல் முடிந்த வாரமே ஜோகூர் பாருவில் ஒரு சீனர் கடையில் சப்பாத்துக்குக் கால் அளவு கொடுத்தேன். தோல் மேல், தோல் அடி, கறுப்புப் பளபளப்பு. யூஜினுடையதைவிட நல்லதாக வேண்டும் என்று சொல்லியே செய்தேன். மாதம் கொஞ்சமாகப் பணம் கட்டி, டிசம்பர் ஆறாம் தேதிதான் கைக்கு வந்தது. கிறிஸ்துமஸ் சோஷியலுக்குப் போட்டுக்கொண்டு வந்து உங்களைக் கேட்காமல் பக்கத்து நாற்காலிப் பெண்ணைக் கேட்க வேண்டும், அதுதான் திட்டம். எட்டாம் தேதி ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. ஜனவரியில் இந்த வழியாக வந்த ஒரு ஜப்பான் சிப்பாய் அதைக் கழற்றச் சொன்னான். அவன் காலுக்குச் சின்னதாக இருந்தது. கத்தியை எடுத்து முன்பக்கத்தை வெட்டி விரலை வெளியே விட்டுக்கொண்டு நடந்து போனான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் ஓர் அறை வாங்கினேன்.

அப்பாவுக்குக் கழுத்து வலி குறைந்ததா?

ஸ்டானிஸ்லாஸ்


தம்போய்
18 ஏப்ரல் 1943, குருத்தோலை ஞாயிறு

அன்புள்ள ஸ்டானிஸ்லாஸ்,

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் தேடி இரண்டு ஞாயிறு போய்விட்டது. பெரிய வாரம் வருகிறது, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். முதலில் உங்களிடம் செய்துவிடுகிறேன்.

ரப்பர் அடி என்பது கையில் தயாராக இருந்த காரணம். உண்மைக் காரணம் விலைதான்.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு யோசிக்க எவ்வளவு நேரம் என்று உங்களுக்குத் தெரியுமா? ஒருவர் நடந்து வருகிறார், கை நீட்டுகிறார், எழுந்திருக்க வேண்டும் அல்லது மாட்டேன் என்று சொல்ல வேண்டும். முகத்தை நிமிர்ந்து பார்த்தால் வெட்கம் கெட்டவள் என்பார்கள். அதனால் எல்லோரும் காலைத்தான் பார்ப்போம். இந்தக் கால் எந்த வீட்டுக் கால், மாதம் என்ன சம்பளம், அம்மா ஒத்துக்கொள்வாளா, எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும் என்று நினைத்தோம். சப்பாத்து விலை பெரியது என்றால் ஆளும் பெரியவர். என்ன புத்தி அது! செக்ரோலில் பேர் எழுதுகிற நீங்கள்கூட ஆளை அவ்வளவு சீக்கிரம் கணக்குப் பார்க்க மாட்டீர்கள்.

மண்டபம் முழுக்கக் கேட்கும்படி ஏன் சொன்னேன் என்றால், உங்களோடு ஆட எனக்கு ஆசையாக இருந்தது. அது பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். இதை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்களுக்குப் பிடிக்காது. யூஜின் நன்றாகத்தான் ஆடினார். ஒரு தடவைகூட என் காலை மிதிக்கவில்லை. சப்பாத்தைப் பார்த்து ஆட்டத்தைக் கண்டுபிடித்தது சரிதான். ஆட்டம் முடிந்த பிறகுதான் ஆள் தேவைப்படுகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்கவில்லை.

அப்பாவுக்கு வலி குறைந்துவிட்டது. உங்களைக் கேட்டார். "அந்தத் தம்பிய ஒரு நாள் வரச் சொல்லு லா" என்கிறார். வெறுங்காலோடு வாருங்கள். எங்கள் வீட்டிலும் யார் காலிலும் ஒன்றும் இல்லை.

ஐலீன்


செனாய்
16 மே 1943

அன்புள்ள ஐலீன்,

மூன்று தடவை வந்துவிட்டேன், அப்பாவோடு மரவள்ளி நட்டேன், நீங்கள் போட்ட உப்பில்லாத காப்பியையும் குடித்துவிட்டேன். (சர்க்கரை இல்லாத என்று எழுத வந்தேன். உப்பும் இல்லைதானே.) நேரில் சொல்ல நினைத்தது ஒன்றைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். எழுதினால் வரும்.

இங்கே ஜப்பான் மேனேஜர் ஒரு பட்டியல் கேட்டார். சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். மூன்று மாத வேலை, சாப்பாடு உண்டு, முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து விடுவோம் என்கிறார். இந்தத் தடவை கல்யாணம் ஆகாத ஆண்கள் மட்டும். இருபத்திரண்டு பேரை எழுதிக் கொடுத்தேன். என் கையால் எழுதினேன். ரப்பர் பால் வெட்டுகிற ஐயாசாமி வந்து, "கிராணியாரே, எம் பேரு எழுதறப்ப கை வலிச்சிச்சா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆட்களோடு கணக்கு எழுத ஒரு கிராணியும் போக வேண்டுமாம். இங்கே இருப்பது இரண்டு கிராணிகள். மற்றவருக்கு மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எனக்கும் கல்யாணம் ஆகியிருந்தால் வேறு தோட்டத்திலிருந்து யாரையாவது பிடிப்பார்கள். அந்த யாரோ ஒருவரை நினைத்தால் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போகப் பயமாக இருக்கிறது, ஐலீன். போனவர்கள் கடிதம் போட்டதாக ஒரு தோட்டத்திலும் கேள்விப்படவில்லை.

இதற்காகத்தான் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். இது இல்லாவிட்டாலும் கேட்டிருப்பேன், இன்னும் இரண்டு வருஷம் கழித்து. நான் கை நீட்டினால் இந்தத் தடவை எழுந்திருப்பீர்களா?

ஸ்டானிஸ்லாஸ்


தம்போய்
21 மே 1943

ஸ்டானிஸ்,

எழுந்துவிட்டேன்.

அப்பாவுக்குச் சம்மதம். நேற்றே பங்குச் சாமியாரிடம் ஓடினோம். முறைப்படி மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்து, யாருக்காவது தடை தெரியுமா என்று கேட்ட பிறகுதான் தாலி கட்ட வேண்டும். ஆனால் சாமியார் தங்கமான மனுஷர். "காலம் கெட்டுக் கிடக்கு. மூணு ஓலையும் வேணாம், நான் விலக்கு வாங்கித் தர்றேன். முப்பதாம் தேதியே வந்துடச் சொல்லு" என்கிறார். கல்யாணம் முடிந்த காகிதத்தையும் கையோடு கொடுத்துவிடுவாராம். அதை மேனேஜரிடம் காட்டுங்கள்.

முப்பதாம் தேதி காலை ஆறரைப் பூசை. மாற்றிக் கட்ட ஒரு வேட்டி இருந்தால் போதும். வாருங்கள்.

உங்கள் ஐலீன்


செனாய்
25 மே 1943

என் ஐலீன்,

உன் கடிதத்தைப் பால் கொட்டகையில் நின்று படித்தேன். வாளி கவிழ்ந்தது தெரியவில்லை. இனிமேல் உன்னை நீ என்றே எழுதுவேன்.

ஆனால் முப்பதாம் தேதி வேண்டாம். ஓலை வாசிக்கட்டும். மூன்றையும் வாசிக்கட்டும்.

கோபப்படாமல் கேள். அன்றைக்கு மண்டபத்தில் அறுபது பேர் சிரித்தார்கள். அந்த அறுபது பேரும் நம் கோயிலில்தான் உட்காருகிறார்கள். ஆறரைப் பூசையில் திருட்டுத்தனமாகக் கட்டிக்கொண்டால் என்ன சொல்வார்கள்? "சயாமுக்குப் பயந்து கட்டிக்கிட்டான், பாவம்னு அவ கழுத்த நீட்டினா" என்பார்கள். உன் பேரையும் என் பேரையும் சேர்த்து அவர்கள் காதில் மூன்று முறை விழ வைக்க வேண்டும். எனக்கு வேறு சீர், நகை, சாப்பாடு ஒன்றும் வேண்டாம். இது ஒன்று வேண்டும்.

நேரம் இருக்கிறது. மேனேஜரிடமே கேட்டுவிட்டேன். வண்டி ஜூலையில்தான். ஜூன் ஆறு, பதின்மூன்று, இருபது. இருபத்தொன்றாம் தேதி திங்கட்கிழமை தாலி. கணக்கில் நான் பிசகுவதில்லை.

ஸ்டானிஸ்


தம்போய்
1 ஜூன் 1943

ஸ்டானிஸ்,

அலமாக்! உங்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வீடு பற்றி எரியும்போது வாசலில் கோலம் சரியில்லை என்கிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஜப்பான்காரன் சொன்ன தேதியை நம்புகிறீர்கள், நான் சொல்வதை நம்ப மாட்டேன் என்கிறீர்கள். இரண்டு நாள் அழுதேன். சாமியாரும் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் உங்களோடு சண்டை போட எனக்கு வாய் இல்லை. சிரிக்க வைத்தவள் நான்தானே. அந்தக் கடனை உங்கள் விருப்பப்படியே கட்டுகிறேன். முதல் ஓலை ஆறாம் தேதி.

இருபத்தொன்றாம் தேதி காலையில் நீங்கள் கோயில் வாசலில் நிற்கவில்லை என்றால் அதற்கப்புறம் நான் பேசவே மாட்டேன்.

ஐலீன்


செனாய்
14 ஜூன் 1943

ஐலீன்,

நேற்று நான் வந்தது தெரியுமா? பெந்தெகொஸ்தே கூட்டத்தில் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றேன். "செனாய்த் தோட்டத்துக் கிராணி ஸ்டானிஸ்லாஸ், தம்போய் மரியநாதன் மகள் ஐலீன், இரண்டாம் ஓலை" என்று சாமியார் வாசித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டாவது வரிசையில் யூஜின் இருந்தார், குனிந்துகொண்டார். நான் எதிர்பார்த்த சந்தோஷம் அதில் வரவில்லை. நீ முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தாயே, அதில்தான் வந்தது.

இத்தனை பேச்சுக்குப் பிறகும் நாம் இரண்டு பேரும் ஒரு தடவைகூட ஆடியதில்லை. திங்கட்கிழமை உங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் ஆடுவோமா? வெறுங்கால் வழுக்குமா, பிடிக்குமா? உன் டீச்சர் அதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

இன்னும் ஏழு நாள்.

ஸ்டானிஸ்


17 ஜூன், வியாழன்

ஐலீன்,

பென்சிலால் எழுதி வெள்ளையம்மா கையில் தருகிறேன். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் எல்லோரும் நிற்கும்போதே லாரிகள் வந்துவிட்டன. ஜூலை என்றது பொய். யாரையும் லயத்துக்குள் போக விடவில்லை.

மேனேஜரிடம் சொன்னேன். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது, திங்கட்கிழமை கல்யாணம் என்றேன். காகிதம் காட்டு என்றார்.

உன் பேச்சைக் கேட்டிருந்தால் காட்டியிருப்பேன்.

மூன்று மாதம்தானாம். மூன்றாவது ஓலையை நான் வந்ததும் வாசிக்கச் சொல். லாரி கிளம்ப


தம்போய்
20 ஜூன் 1943

ஸ்டானிஸ்,

இதை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் எழுதுகிறேன். இன்று மூன்றாவது ஓலை இல்லை. "மாப்பிள்ளை வரட்டும் மா, அப்ப வாசிக்கிறேன்" என்று சாமியார் சொல்லிவிட்டார். பூசை முடிந்து வெளியே வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குச் சிரிப்பே மேல்.

பேச மாட்டேன் என்று எழுதியிருந்தேன். உங்கள் மேல் அவ்வளவு கோபம். என் மேல் அதைவிடக் கோபம். உங்களைக் கொண்டுபோனதில் ஜப்பான்காரன் பாதி, என் வாய் பாதி. அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் ஓலை கேட்டிருக்க மாட்டீர்கள். முப்பதாம் தேதியே என் பக்கத்தில் நின்றிருப்பீர்கள்.

திரும்பி வந்து என்னைத் திட்டுங்கள். நானும் திட்டுகிறேன். நிறைய பாக்கி இருக்கிறது.

ஐலீன்


தம்போய்
2 ஜனவரி 1944

ஸ்டானிஸ்,

மூன்று மாதம் என்றார்கள், ஆறு தாண்டிவிட்டது. உங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை என்று வெள்ளையம்மா அக்கா சொல்கிறாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஓலை ஆறு மாதத்துக்குத்தான் செல்லுமாம். அதற்குள் கல்யாணம் நடக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டுமாம். இன்று சாமியார் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். சரி சாமி, வாசிக்கலாம், அவர் வரட்டும் என்றேன். என்ன அவசரம்? கணக்கில் பிசகாத ஆள் எப்படியும் வருவார்.

அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து போனது. மரவள்ளி நன்றாக இறங்கியிருக்கிறது.

ஐலீன்


தம்போய்
18 நவம்பர் 1945

ஸ்டானிஸ்,

ஜப்பான்காரன் போய்விட்டான். சயாமிலிருந்து ஒவ்வொருவராக வர ஆரம்பித்திருக்கிறார்கள் என்று கேட்டதும் நான் சாமியாரிடம் போய் நின்றேன். "இப்ப வாசிங்க சாமி. மாப்பிள்ளை வர்றப்ப எல்லாம் தயாரா இருக்கணும். இந்தத் தடவ ஒரு நாள் தாமதம் ஆகக் கூடாது" என்றேன். அவர் ஒத்துக்கொண்டார். நவம்பர் நான்கு முதல் ஓலை. பதினொன்று இரண்டாவது.

வெள்ளிக்கிழமை ஐயாசாமி வந்தார். கம்பை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றார், யாரென்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. இருபத்திரண்டு பேரில் மூன்று பேர் திரும்பியிருக்கிறார்களாம்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் அக்டோபர் மாதம், மழைக்காலம் என்றார். காலரா. இரண்டே நாள். அதுவரைக்கும் செத்துப்போன ஒவ்வொருவர் பேரையும் நீங்கள் மூங்கில் பட்டையில் எழுதி வைத்தீர்களாம், ஊரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று. "கிராணியார் பேர எழுத அங்க எழுத்துத் தெரிஞ்ச ஆளு இல்லம்மா" என்று சொல்லி ஐயாசாமி அழுதார். நான் அழவில்லை. அவருக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். போன வருஷம் ஜனவரியில், அவர் வரட்டும் என்று சாமியாரிடம் நான் சொன்னபோது நீங்கள் கண் மூடி மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை, சாமியாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்று வாசித்திருக்க மாட்டார். நீங்கள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

இன்று பெரிய பூசை. கோயில் நிறைய ஆட்கள். "செனாய்த் தோட்டத்துக் கிராணி ஸ்டானிஸ்லாஸ், தம்போய் மரியநாதன் மகள் ஐலீன், மூன்றாம் ஓலை" என்று நிறுத்தி நிதானமாக வாசித்தார். பின்வரிசை வரைக்கும் கேட்டது. அப்புறம், இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வழக்கம்போல வாசித்துவிட்டுத் தாளை மடித்தார்.

நான் எழுந்து நின்றேன்.

"எனக்குத் தெரியும் சாமி," என்றேன். "மாப்பிள்ளை செத்துட்டாரு."

ஐலீன்